தொங்குற தோலுக்கு "அழகு"ன்னு பேரு வச்சது யாரு?

ரெண்டு மாசமா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கலை. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. இன்னைக்கும் எழுதுற மூடு இல்லைதான். ஆனா போன வாரம் வந்த ஒரு மின்னஞ்சல் வயித்தெரிச்சலைக் கிளப்பிடுச்சு. வயித்தெரிச்சல்னா நிஜமாவே வயித்துல எரிச்சல். மேல படிங்க, புரியும்.

முதல்ல ஒரு சின்ன கொசுவத்தி சுத்திக்கிறேன்.

மாசி சிவராத்திரிக்குக் குலதெய்வம் கும்பிடப் போயிருந்தோம். எங்க பக்கம் பழக்கம் தெரியும்ல, சாமி முன்னாடி ஆம்பளைங்க சட்டையைக் கழட்டி, துண்டை இடுப்புல கட்டிக்கணும். நான் தூணுக்குப் பின்னாடி ஒதுங்கி நின்னேன். சித்தப்பா விடலை. "சாமிகிட்ட என்னடா வெக்கம், கழட்டு"ன்னார். கழட்டினேன். சொந்தக்காரங்க மொத்தமும் ஒரு நிமிஷம் அமைதியாச்சு. அயித்தைதான் அமைதியைக் கலைச்சாங்க.

"என்னப்பு இது, வயித்துல சுருக்குப்பையைக் கட்டி வச்சிருக்க?"

எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். வேற என்ன பண்றது.

விஷயம் இதுதான். 24 வயசுல என் எடை 134 கிலோ. உயரம் 172 செ.மீ. பி.எம்.ஐ கணக்குப் போட்டா 45. காரைக்குடியில பொறந்து, கவுனி அரிசியும் கந்தரப்பமும் கறிக்கொழம்புமா வளர்ந்து, இன்ஜினியரிங் முடிச்சு, நாள் பூரா நாற்காலியில உட்கார்ந்து பொட்டி தட்டினா வேற எப்படி இருக்கும்? அப்போ இதே சொந்தக்காரங்கதான் "எடையைக் குறை, எடையைக் குறை"ன்னு ஓதினாங்க. குறைச்சேன். வீட்டிலிருந்தே வேலை கிடைச்சதால ஊருக்கு வந்து, தினமும் விடியக்காலம் கல்லூரிச் சாலையில நடந்து, சோத்தைக் குறைச்சு, ரெண்டரை வருஷத்துல 78 கிலோவுக்கு வந்தேன். 56 கிலோ. ஒரு முழு ஆளை இறக்கி வச்ச மாதிரி.

ஆனா அந்த ஆள் போட்டிருந்த சட்டை மட்டும் என் மேலயே இருக்கு. அடிவயித்துல மடிஞ்சு தொங்குது. தொடை இடுக்குல, கையில, மார்புல, எல்லா இடத்துலயும். சட்டை போட்டா யாருக்கும் தெரியாது. கழட்டினா சுருக்குப்பை.

தொங்குறது பார்க்க நல்லா இல்லைங்கிறது எனக்கு ரெண்டாவது பிரச்சினை. முதல் பிரச்சினை அந்த மடிப்பு. காரைக்குடி வெயில் உங்களுக்குத் தெரியும். அக்னி நட்சத்திரத்துல மடிப்புக்குள்ள வேர்வை தேங்கும். தோலும் தோலும் உரசும். சிவக்கும், கசியும், வாடை வரும், பூஞ்சை பிடிக்கும். மருத்துவத்துல இதுக்கு இன்டர்ட்ரைகோன்னு பேர் இருக்கு. போன வருஷம் மட்டும் நாலு தடவை வந்துச்சு. ஒரு தடவை புண்ணாகி, ஆன்டிபயாட்டிக் எடுத்து, ரெண்டு வாரம் நடக்கவே முடியலை. எந்த நடை என் எடையைக் குறைச்சுதோ, அதே நடை நின்னு போச்சு.

தோல் டாக்டர் பார்த்துட்டு, மதுரைக்குப் போய் பிளாஸ்டிக் சர்ஜனைப் பாருன்னார். சர்ஜன் பார்த்துட்டு, இந்த மடிப்பை அறுத்து எடுக்கிறதுதான் வழின்னு எழுதிக் கொடுத்தார். செலவு ரெண்டே முக்கால் லட்சம். கம்பெனி கொடுத்த இன்சூரன்ஸ் இருக்கேன்னு விண்ணப்பிச்சேன். போன வாரம் பதில் வந்துச்சு. ரெண்டே வரி. "இது தோற்றம் சார்ந்த சிகிச்சை. விலக்கு எண் 8-ன் கீழ் அனுமதி மறுக்கப்படுகிறது."

தோற்றமாம். நாலு தடவை புண்ணானது தோற்றமாம்.

இனிமே சண்டைதான். ஒவ்வொருத்தரா வாங்க.

"நீ மெதுவா குறைச்சிருக்கணும் தம்பி"

ஜிம் மாஸ்டர்ல இருந்து யூடியூப் வாத்தியார் வரைக்கும் எல்லாரும் சொல்ற பாட்டு இது. ஐயா, ரெண்டரை வருஷத்துல 56 கிலோன்னா மாசத்துக்கு ரெண்டு கிலோ கூட இல்லை. இதைவிட மெதுவான்னா, எனக்கு அறுபதாம் கல்யாணம் நடக்கும்போதுதான் முடியும்.

தோலோட நடு அடுக்குல கொலாஜன், எலாஸ்டின்னு ரெண்டு வகை புரத இழைகள் இருக்கு. தோலுக்கு உறுதி கொடுக்கிறது கொலாஜன். இழுத்து விட்டா பழையபடி சுருங்க வைக்கிறது எலாஸ்டின். இந்த எலாஸ்டினை உடம்பு பெரும்பாலும் கருவிலயும் சின்ன வயசுலயும் தயாரிச்சு முடிச்சிடுது. அப்புறம் புதுசா உருவாகிறது ரொம்பக் கம்மி. வருஷக்கணக்கா இழுபட்டுக் கிடந்தா அந்த இழைங்க சேதமாகும். பழைய டிரவுசர் எலாஸ்டிக் மாதிரிதான். எவ்வளவு எடை இருந்தது, எத்தனை வருஷம் இருந்தது, வயசு என்ன, பரம்பரை எப்படி, சிகரெட் உண்டா, வெயில் எவ்வளவுன்னு பல காரணம் சேர்ந்துதான் தோல் எவ்வளவு சுருங்கும்னு முடிவாகுது. பத்துப் பதினஞ்சு கிலோ குறைச்சவனுக்குச் சுருங்கிடலாம். ஐம்பது, அறுபது கிலோ குறைச்சவனுக்கு அதே கணக்கு செல்லாது.

"தசையை ஏத்து, தோல் டைட் ஆயிடும்." இது அடுத்த பாட்டு. தசை வளர்ந்தா கையில, தொடையில கொஞ்சம் நிரம்பும், உண்மைதான். உடற்பயிற்சி நல்லது, நானும் பண்றேன். ஆனா அடிவயித்துல தொங்குற மடிப்புக்குள்ள நிரப்புறதுக்குத் தசையே கிடையாது. அது வெறும் தோலும் கொஞ்சம் கொழுப்பும்தான். ஆயிரம் தடவை குனிஞ்சு நிமிர்ந்தாலும் அது என் கூடவே குனிஞ்சு நிமிரும். அவ்வளவுதான் :-)

"இந்த க்ரீமைத் தடவுங்க, மூணே மாசம்!"

இதுங்க மேலதான் எனக்குக் கொலைவெறி. தோலை இறுக்கும் எண்ணெய், கொலாஜன் க்ரீம், மூலிகைப் பசை. நானும் ஏமாந்து ஒரு எட்டாயிரம் ரூபாய் அழுதிருக்கேன், மறைக்க விரும்பலை.

தோலோட மேலடுக்கைத் தாண்டி ஒரு பொருள் உள்ள போகணும்னா அதோட மூலக்கூறு எடை சுமாரா 500 டால்டனுக்குள்ள இருக்கணும். மருந்து தயாரிக்கிறவங்க வச்சிருக்கிற பொது விதி இது. கொலாஜன் மூலக்கூறோட எடை சுமாரா 3 லட்சம் டால்டன். செட்டிநாட்டு வீட்டு நிலைவாசல் எவ்வளவு பெருசா இருந்தாலும் கோயில் தேர் உள்ள போகுமா? தடவினா மேலாக ஈரப்பதம் இருக்கும், மினுமினுன்னு தெரியும். தொங்குறது தொங்கும்.

1954-லயே மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம்னு ஒண்ணு போட்டாங்க. சில வியாதிகளைக் குணமாக்குறேன்னு விளம்பரமே பண்ணக் கூடாதுன்னு அதுல ஒரு பட்டியல் இருக்கு. உடல் பருமன் அந்தப் பட்டியல்ல இருக்கு. எழுபது வருஷம் ஆச்சு. விளம்பரம் குறைஞ்ச மாதிரியா தெரியுது?

இதைவிட ஆபத்து ஒண்ணு இருக்கு. மடிப்புல அரிப்புன்னு மெடிக்கல் ஷாப்புல போய் நின்னா, சீட்டே இல்லாம ஸ்டீராய்டு கலந்த க்ரீமை எடுத்துக் கொடுக்கிறாங்க. தடவின உடனே சொர்க்கம். ஆனா பூஞ்சை அடங்கின மாதிரி நடிச்சுட்டு பல மடங்கா திரும்பி வரும். தோலும் மெல்லிசாகும். தெரியாம நான் ஒரு மாசம் தடவியிருக்கேன். தயவுசெஞ்சு நீங்க பண்ணாதீங்க.

"உள்ளதை உள்ளபடி ஏத்துக்க வேண்டியதுதானே"

இதைச் சொல்றவங்க நல்ல மனசுக்காரங்க. அவங்க மேல கோபமில்லை. தழும்பு, சுருக்கம் எல்லாத்தையும் ஏத்துக்கிட்டவன்தான் நான். கை தோலைப் பத்தி எனக்கு ஒரு புகாரும் கிடையாது. மார்புத் தோலையும் விட்டுட்டேன். அறுத்து எடுக்கச் சொல்றது அடிவயித்து மடிப்பை மட்டும்தான், ஏன்னா அதுதான் புண்ணாகுது. கசியுற புண்ணை ஏத்துக்கோன்னு நீங்க யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்கல்ல?

"உயிர் காக்கவே காசில்லை, இதுக்கு வேறயா?"

இது மட்டும்தான் நியாயமான கேள்வி. அதனால நிதானமா பதில் சொல்றேன்.

இந்தச் சண்டை தமிழ்நாட்டுல ஏற்கெனவே ஒரு தடவை நடந்திருக்கு. 2018 பிப்ரவரியில சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில, ஏழைப் பெண்களுக்கு மார்பக அறுவை சிகிச்சை இலவசம்னு தனிப் பிரிவு தொடங்கினாங்க. புற்றுநோய்ல மார்பகம் இழந்தவங்களுக்குத் திரும்ப அமைக்கிறது மட்டுமில்லாம, அளவைக் குறைக்கிறது, கூட்டுறதுன்னு எல்லாமே சேர்த்து. அப்போ சுகாதாரத்துறை அமைச்சரா இருந்தவர் விஜயபாஸ்கர். வசதி உள்ளவங்களுக்குக் கிடைக்கிற சிகிச்சை ஏழைங்களுக்கு ஏன் கிடைக்கக் கூடாதுங்கிற மாதிரி அவர் பேசினார். உடனே கிண்டல், கண்டனம். அரசுப் பணத்துல அழகு சிகிச்சையான்னு பொது சுகாதாரம் தெரிஞ்சவங்களே கேட்டாங்க. உலகப் பத்திரிகைங்க எல்லாம் இதைச் செய்தியா போட்டுச் சிரிச்சுது.

அந்தச் சத்தத்துல ஒரு சின்ன விஷயம் காணாம போச்சு. மார்பகம் ரொம்பப் பெருசா இருக்கிற பெண்களுக்குத் தோள்பட்டை வலி, முதுகுவலி, மடிப்புல புண்ணு. அவங்க வந்தது வலி போகணும்னு. "அழகு"ங்கிற ஒரு சொல்லைப் போட்டதும் வலி யார் கண்ணுக்கும் தெரியலை. இதுல எனக்கும் அந்தப் பெண்களுக்கும் ஒரே கேஸ்தான். எனக்காவது ஆம்பளைங்கிற சலுகை இருக்கு, சிரிச்சுட்டு விட்டுடுறாங்க. ரெண்டு மூணு பிள்ளை பெத்து வயித்துத்தோல் மடிஞ்சு தொங்குற நம்ம அக்காமாருங்க புண்ணை வெளியவே சொல்றதில்லை. புடவை மறைச்சுக்குது.

உயிர் காக்கிற சிகிச்சைக்குத்தான் முதல் இடம். மறுக்கவே இல்லை. ஆனா நாம உயிர் காக்கிறதுக்கு மட்டுமா செலவு பண்றோம்? கண்புரை எடுக்கலைன்னா யாரும் செத்துப் போகப் போறதில்லை. ஆனாலும் எடுக்கிறோம். பிளவுபட்ட உதட்டைத் தைக்கிறோம். தீக்காயத்துல இறுகிப்போன கழுத்தை விடுவிக்கிறோம். மனுஷன் வலியில்லாம நடமாடணும்ங்கிறதுக்காக. நான் கேட்கிறதும் அதே வரிசையில ஒரு இடம். முதல் இடம் இல்லை.

விலக்கு எண் 8

இப்போ இன்சூரன்ஸ்காரர் பக்கம் வருவோம். கோட் படிக்கிற புத்தியில பாலிசி பத்திரத்தை வரிவரியா படிச்சேன். 2019 செப்டம்பர்ல ஐ.ஆர்.டி.ஏ.ஐ எல்லாக் கம்பெனிக்கும் பொதுவா ஒரே மாதிரி விலக்குப் பட்டியல் கொடுத்தாங்க. என் பாலிசியிலயும் அதே வரிசை எண்கள்தான்.

எண் 6, உடல் பருமன். பொதுவா கிடையாது. ஆனா வயசு 18-க்கு மேல இருந்து, பி.எம்.ஐ 40 அல்லது அதுக்கு மேல இருந்து, டாக்டர் பரிந்துரைச்சா எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பணம் உண்டு. பி.எம்.ஐ 35-க்கு மேலன்னா கூடவே இதய நோயோ, கடுமையான தூக்க மூச்சுத்திணறலோ, கட்டுக்கடங்காத சர்க்கரையோ இருக்கணும்.

எண் 8, அழகு அல்லது பிளாஸ்டிக் சர்ஜரி. கிடையாது. விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிறகு சீரமைக்கிறதுன்னா உண்டு. இல்லைன்னா, "நேரடியான, உடனடியான" உடல்நல ஆபத்தை நீக்கத் தேவைன்னு டாக்டர் சான்று கொடுக்கணும்.

இப்போ இந்த லாஜிக்கை ஓட்டிப் பாருங்க. 134 கிலோவுல நான் நேரா ஆஸ்பத்திரிக்குப் போய் இரைப்பையை வெட்டச் சொல்லியிருந்தா, எண் 6 படி லட்சக்கணக்குல கொடுத்திருப்பாங்க. நான் நடந்தே குறைச்சு அந்தப் பணத்தை அவங்களுக்கு மிச்சம் பண்ணிக் கொடுத்தேன். இப்போ அதே எடையோட மிச்சமா நிக்கிற தோலுக்குக் கேட்டா "உனக்கு அழகு ஆசை"ங்கிறாங்க. இரைப்பை வெட்டிக்கிட்டவனுக்கும் இதே கதிதான், முதல் பாதிக்குப் பணம், ரெண்டாம் பாதிக்குக் கைவிரிப்பு. கல்லை எடுத்துட்டு வயித்தைத் தைக்காம வீட்டுக்கு அனுப்புற மாதிரி இருக்கு.

பக் எங்க இருக்குன்னு பார்த்தா, "உடனடி"ங்கிற அந்த ஒரு சொல்லுல. என் புண்ணு இன்னைக்கே என்னைக் கொல்லாது. வருஷத்துக்கு நாலு தடவை படுக்க வைக்கும். அப்போ அது "உடனடி" இல்லை. உடனடி இல்லைன்னா அழகு. நடுவுல வேற பெட்டியே கிடையாது.

பிரேசில் நாட்டுல இதே வழக்கு எஸ்.டி.ஜேங்கிற உயர்நிலை நீதிமன்றத்துக்குப் போச்சு. 2023 செப்டம்பர்ல தீர்ப்பு வந்துச்சு. எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு, டாக்டர் சீரமைப்பு தேவைன்னு சொன்னா மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்கள் அந்தச் செலவை ஏத்துக்கணும், ஏன்னா அது பருமன் சிகிச்சையோட தொடர்ச்சிதான்னு சொல்லிட்டாங்க. தொடர்ச்சி. நான் இந்தப் பதிவுல இவ்வளவு நேரம் கத்துறது அந்த ஒரு சொல்லுக்காகத்தான்.

இதை இப்பவே பேசணும்ங்கிறதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. 2025 மார்ச்சுல மவுஞ்சாரோ, ஜூன்ல வீகோவின்னு எடைக்குறைப்பு ஊசிங்க இந்தியாவுக்கு வந்தாச்சு. கிலோக்கணக்குல இறக்கப் போறவங்க எண்ணிக்கை இனிமே கூடத்தான் செய்யும். ஊசி விளம்பரத்துல மிச்சத் தோலைக் காட்ட மாட்டாங்க.

அழகுன்னு சொன்னா என்ன கெட்டுப் போச்சு?

கெட்டுத்தான் போகுது. இது சின்ன அறுவை இல்லை. ஒரு இடுப்பெலும்புல இருந்து இன்னொரு இடுப்பெலும்பு வரைக்கும் கீறல். நீர் கோர்க்கலாம், தையல் பிரியலாம், ரத்தம் உறையலாம். எடை நிலையா நின்னு குறைஞ்சது ஆறு மாசமாவது ஆகணும், புரதமும் இரும்புச்சத்தும் சரியா இருக்கணும், அப்பதான் கத்தியை வைக்கலாம். நான் 14 மாசம் 78 கிலோவுலயே நின்னு காட்டினதுக்கு அப்புறம்தான் சர்ஜன் சரின்னார்.

இப்படிப்பட்ட விஷயத்தை "அழகு"ன்னு ஒதுக்கினா அது நேரா தள்ளுபடி விலை கிளினிக் கையில போய் விழும். 2024 ஏப்ரல்ல சென்னைக்குப் பக்கத்துல ஒரு தனியார் மருத்துவமனையில, எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் போன புதுச்சேரி இளைஞர் ஒருத்தர் இறந்தார். 26 வயசு. அரசு விசாரணை வரைக்கும் போச்சு. அந்தச் செய்தியைப் படிச்சு நான் ரெண்டு நாள் தூங்கலை. கிட்டத்தட்ட என் வயசு. மருத்துவம்னு ஒத்துக்கிட்டா விதி இருக்கும், பரிசோதனை இருக்கும், கேள்வி கேட்க ஆள் இருக்கும். ஆஃபர் போஸ்டர்ல அதெல்லாம் இருக்காது.

சரி, புலம்பிட்டே இருந்தா ஆச்சா? நான் என்ன பண்றேன்னு சொல்றேன், யாருக்காவது உதவும்.

புண்ணு வர்ற ஒவ்வொரு தடவையும் டாக்டரைப் பார்த்து, சீட்டுல தேதியோட எழுதி வாங்கி வச்சிருக்கேன். போட்டோவும் எடுத்திருக்கேன். "மருத்துவத் தேவை"ன்னு சர்ஜன்கிட்ட தனியா சான்று வாங்கியாச்சு. இன்சூரன்ஸ் கம்பெனியோட குறைதீர் அதிகாரிக்கு எழுத்துல அனுப்பியிருக்கேன். ஒரு மாசத்துல சரியான பதில் இல்லைன்னா இன்சூரன்ஸ் ஒம்பட்ஸ்மேன்கிட்ட போகலாம். தமிழ்நாட்டுக்கு அலுவலகம் சென்னையில இருக்கு. கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் வரைக்குமான கேஸை எடுத்துக்கிறாங்க. மறுத்ததுல இருந்து ஒரு வருஷத்துக்குள்ள போகணும், அவ்வளவுதான். பெரும்பாலானவங்க "அழகு"ங்கிற சொல்லைப் பார்த்ததும் கூச்சப்பட்டு அங்கேயே நின்னுடுறாங்க. கம்பெனிக்காரங்க நம்பிக்கிட்டு இருக்கிறதும் அந்தக் கூச்சத்தைத்தான்.

ஜெயிப்பேனான்னு தெரியாது. தோத்தா லோன் போட்டு பண்ணிக்குவேன், அடுத்த அக்னி நட்சத்திரத்துக்கு முன்னாடி. லோன் போட வழியில்லாதவன் என்ன பண்ணுவான்ங்கிறதுதான் கேள்வி.

அயித்தைக்கு அன்னைக்கு ராத்திரியே பதில் சொன்னேன். வீட்டுக்கு வந்ததும் மடிப்பை விலக்கிப் புண்ணைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாம பார்த்தாங்க. உள்ள போய் சுத்தமான பழைய வேட்டித் துணியைக் கிழிச்சு எடுத்துட்டு வந்து, "ஈரமில்லாம இதை நடுவுல வையப்பு, காத்தாட இரு"ன்னாங்க. டாக்டர் சொன்னதும் கிட்டத்தட்ட அதையேதான். எட்டாங்கிளாஸ் தாண்டாத எங்க அயித்தைக்கு அஞ்சு நிமிஷத்துல புரிஞ்சது, இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அறுபது பக்க ஃபைல் கொடுத்தும் புரியலை.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, பொட்டி தட்டுறவன். உங்க உடம்புக்கு உங்க டாக்டர்கிட்ட கேளுங்க. பின்னூட்டத்துல "ஃபோட்டோ போடுங்க தல"ன்னு கேட்கிற அனானிகளுக்கு முன்கூட்டியே ஒரு கும்புடு. இதே மாதிரி "அழகு"ன்னு சொல்லி உங்களுக்கோ வீட்டுல யாருக்கோ மறுத்திருந்தா கண்டிப்பா எழுதுங்க. நாலு பேர் சேர்ந்து ஒரே மாதிரி மனு போட்டா அது தனி ஆள் புலம்பல் இல்லைன்னு அவங்களுக்கும் தெரியும்.